ஒரு கட்டுத் தண்டும் ஒரு தண்டமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஓவியம் தெரியாது. ஏழாம் வகுப்பில் டிராயிங் மாஸ்டர் வாழைப்பழம் வரையச் சொன்னார். நான் வரைந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வலது கால் செருப்பாடா, இடது கால் செருப்பாடா?" என்று கேட்டார். அதோடு எனக்கும் கலைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்தது. அப்புறம் பி.காம்., சி.ஏ., இருபத்திரண்டு வருடத் தணிக்கைத் தொழில். அடுத்தவர் எழுதிய கணக்கில் பச்சை மையால் டிக் போடுவதுதான் கையால் நான் செய்கிற ஒரே சித்திர வேலை.

அப்படிப்பட்டவன் முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு டச்சு ஓவியரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு கட்டுத் தண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், வேலை விஷயமாக ஆம்ஸ்டர்டாம் போயிருந்தேன். கோப்புகளைக் கொடுக்க வேண்டிய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போய்விட்டதால் இரண்டு நாள் சும்மா கிடைத்தது. ஆம்ஸ்டெல்வீனில் குடியிருக்கும் என் சித்தி மகன், "அண்ணா, ரெய்க்ஸ்மியூசியம் பாக்காம நீங்க ஊருக்குப் போனா பெரியம்மா என்னைத்தான் திட்டுவாங்க" என்று டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான்.

ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' முன்னால் போய் நின்றேன். நின்றேன் என்பதுகூடப் பொய். திருப்பதியில் ஜருகண்டி சொல்ல ஆள் இருப்பார்; இங்கே ஆள் இல்லை, கூட்டமே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. நாலு பேருடைய செல்போன் திரையில் நாலு நைட் வாட்ச் பார்த்துவிட்டு, கால் வலிக்கு உட்கார இடம் தேடி ஆளில்லாத ஓர் அறைக்குள் ஒதுங்கினேன்.

அங்கேதான் அது இருந்தது. ஏ4 தாளைவிடச் சின்னது. சரியாகச் சொன்னால் 25 சென்டிமீட்டர் உயரம், 20.5 அகலம். ஒரு கல் மேடையின் விளிம்பு. அதன்மேல் ஒரு கட்டு வெள்ளை அஸ்பாரகஸ். பின்னால் கும்மிருட்டு. அவ்வளவுதான் படம். கோப்பை இல்லை, கத்தி இல்லை, துணி மடிப்பு இல்லை. யாரோ சந்தையிலிருந்து வந்து கட்டை மேடையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்ற வாசலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் நாம் பார்த்துவிட்டோம்.

பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்தேன். சரக்கிருப்பு எடுக்கிற எவனும் கட்டைப் பார்த்தால் எண்ணத்தான் செய்வான். முதல் தடவை ஒரு எண் வந்தது. சரிபார்க்க மறுபடி எண்ணினேன், வேறு வந்தது. மூன்றாவது தடவை மூன்றாவது எண். எங்கே ஒரு தண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண் தடுமாறியது. கிட்டே போய்ப் பார்த்தால், தண்டுகள் லேசாகக் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. அவற்றின் ஊடாகப் பின்னால் இருக்கும் இருட்டு கசிகிறது.

அது ஓவியர் செய்ததில்லை, காலம் செய்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து வெள்ளை என்றால் ஈய வெள்ளை. எண்ணெயில் குழைத்துப் பூசிய ஈயம், அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு மெல்ல மெல்லச் சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறும். ஒரு நாளில் இல்லை, நூற்றாண்டுக் கணக்கில். மாற மாறப் பூச்சின் மறைக்கும் திறன் குறையும். இருட்டை முதலில் பூசி அதன்மேல் வெள்ளையைப் பூசியிருந்தால் அடியில் இருக்கும் இருட்டு ஒருநாள் மேலே எட்டிப்பார்க்கும். பழைய வீட்டில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து தேர்தல் சின்னம் தெரியுமே, அந்த மாதிரி. டச்சுப் பூ ஓவியங்களில் சில இலைகள் ஒரு தினுசாக நீலம் பாரித்துக் கிடப்பதற்கும் இப்படி ஒரு காரணம்தான். நீலத்தோடு கலந்த மஞ்சள் சாயம் வெளிச்சம் பட்டு ஓடிவிட்டது, நீலம் மட்டும் தங்கிவிட்டது.

மேடையின் விளிம்பில் பெயரும் வருடமும் எழுதியிருந்தன. கோர்ட்டே, 1697.

அட்ரியான் கோர்ட்டே. நீதிமன்றத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தண்டத்துக்கும் இவருக்கும் உண்டு, அதற்கு வருகிறேன்.

இவர் எப்போது பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது. எப்போது செத்தார், தெரியாது. கல்யாணம், பிள்ளைகுட்டி, குரு, சீடர் எதுவும் தெரியாது. தேதி போட்ட படங்கள் 1683-இல் தொடங்கி 1707-இல் நிற்கின்றன. இன்று உலகத்தில் அறியப்பட்ட படங்கள் அறுபதுக்கு மேல், நூறுக்குள். பெரும்பாலும் சின்னச் சின்னவை. ஊர், நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் ஜீலாந்து மாகாணத்தின் மிடல்பர்க். (நியூசிலாந்துக்குப் பெயர் கொடுத்த ஜீலாந்து இதுதான்.) அந்த ஊரில் இவர் இருந்தார் என்பதற்கான ஆவணம் மொத்தம் ஒரே ஒரு பதிவு. 1695-96ஆம் ஆண்டு, மிடல்பர்க்கின் புனித லூக்கா கில்டு, அதாவது ஓவியர் சங்கம், உறுப்பினர் ஆகாமலேயே படம் விற்றதற்காக இவருக்கு அபராதம் போட்டது.

இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்து டிக் போடுகிற சங்கதி இதுதானே. 'அபராதம் வகையில் வரவு' என்று ஒரு வரி. கட்டியவர் யார், எதற்குக் கட்டினார், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ரசீது இருக்கிறதா, கூட்டல் சரியா, டிக். அப்படி எவனோ ஒருத்தன் சலிப்போடு எழுதிய வரி மட்டும் மிச்சமிருக்க, மனிதரின் பிறப்பும் இறப்பும் காணாமல் போய்விட்டன. சந்தா கட்டாததால் சரித்திரத்தில் இடம் பிடித்த ஓவியர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கில்டு பொல்லாதது என்று நினைக்க வேண்டாம். அது அந்தக் காலத்துத் தொழில் ஒழுங்கு. பைபிளின் லூக்கா மரியாளைப் படமாக வரைந்தார் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஐரோப்பா முழுக்க ஓவியர் சங்கங்களுக்கு அவர்தான் காவல். உள்ளூரில் விற்க வேண்டுமானால் சேர், சந்தா கட்டு, விதியை மதி. எங்கள் தொழிலில் சான்றிதழ் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் சும்மா விடுவோமா? இவர் ஏன் சேரவில்லை என்பதுதான் புதிர். ஓவியம் இவருக்கு முழுநேரப் பிழைப்பு இல்லையோ, வேறு வருமானம் இருந்ததோ என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இந்த மாதிரிப் படம் வரைகிற ஆள் சங்கக் கூட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து மினிட்ஸ் கேட்கிற ஆளாக இருந்திருக்க மாட்டார். ஆதாரம் கிடையாது. தணிக்கையில் இப்படிச் சொன்னால் கிழித்துவிடுவார்கள், வலைப்பதிவுதானே.

மிச்சக் காகிதங்கள் எங்கே போயின என்றால், 1940 மே 17. ஜெர்மானியப் படையெடுப்பின்போது மிடல்பர்க் நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலானது. நகராட்சி ஆவணக் காப்பகமும் அதோடு போயிற்று. இரண்டு மூன்று நூற்றாண்டு மனிதர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் ஒரே நாளில் புகை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் இவரைத் தேடி எடுத்தார்கள் என்பது வேடிக்கை. அதுவரை கோர்ட்டேயை யாரும் பொருட்படுத்தவில்லை. 1950-களில் லாரன்ஸ் போல் என்ற கலை வரலாற்றாளர், டோர்ட்ரெக்ட் அருங்காட்சியகத்தின் இயக்குநர், சிதறிக் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து எழுதினார். 1958-இல் தன் அருங்காட்சியகத்தில் இவருக்கென்று கண்காட்சி வைத்தார். விடவில்லை மனிதர், 1977-இல் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். 2008-இல் ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹௌஸ் பெரிய கண்காட்சி நடத்தியது. இன்று ஏலத்தில் மில்லியனைத் தாண்டிப் போன படங்கள் உண்டு. கில்டு இருந்திருந்தால் வட்டியோடு கேட்டிருக்கும்.

மறுநாள் அந்த மொரிட்ஸ்ஹௌஸுக்கு ரயில் ஏறினேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. எல்லோரும் முத்துத் தோடு போட்ட பெண்ணைப் பார்க்க ஓடுகிற இடம். நான் போனது காட்டு ஸ்ட்ராபெரிக்கு. 1705-இல் வரைந்தது. உயரம் 16.5 சென்டிமீட்டர், அகலம் 14. நம்மூர் அஞ்சலட்டை இரண்டைச் சேர்த்துவைத்த அளவுகூட இல்லை. கல் மேடை, அதே விளிம்பு. ஒரு கைப்பிடி பழம் குவிந்திருக்கிறது, கூடவே ஒரு வெள்ளைப் பூ. நாம் கடையில் டப்பாவில் வாங்குகிற குண்டு ஸ்ட்ராபெரி இல்லை இது. அந்த ரகம் பதினெட்டாம் நூற்றாண்டில், அமெரிக்கக் கண்டத்து இரண்டு இனங்கள் ஐரோப்பாவில் கலந்து பிறந்தது. கோர்ட்டே அதைப் பார்த்திருக்கவே முடியாது. அவர் வரைந்தது சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் காட்டுப்பழம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படாத குறையாகப் பார்த்தேன். (காவலர் தொண்டையைச் செருமினார். ஓர் அடி பின்வாங்கி, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் முக்கால் அடி முன்னே போனேன்.) ஒவ்வொரு பழத்தின் மேலும் விதைகள் புள்ளி புள்ளியாக. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது. வெளிச்சப் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் மினுங்க, மறுபக்கத்தில் பழத்தின் சிவப்பு கறுப்பாகி இருட்டோடு இருட்டாகக் கரைகிறது. குவியலின் வலப்புறத்து எல்லை எங்கே என்று சொல்ல முடியாது. பழம் எங்கே முடிகிறது, ராத்திரி எங்கே தொடங்குகிறது? அந்தக் கோட்டை அவர் போடவே இல்லை.

கல் மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசிவரை ஏறத்தாழ அதே மேடைதான். ஓரத்தில் ஒரு பிசிறு, ஒரு விரிசல். அதன்மேல் ஒருமுறை அஸ்பாரகஸ், ஒருமுறை ஆப்ரிகாட், ஒருமுறை பீச், ஒருமுறை மெட்லர். மெட்லர் ஒரு விசித்திரப் பழம். பறித்தவுடன் தின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். வைக்கோலில் போட்டுவைத்து, பழுப்பாகிக் குழைந்து, அழுகிவிட்டதோ என்று தூக்கிப்போடத் தோன்றும்போதுதான் இனிக்கும். நம் வீட்டில் சப்போட்டாவை அரிசிப் பானையில் புதைத்துவைத்து மறந்துபோவோமே, அந்த ஜாதி. இன்னொருமுறை கூஸ்பெரி. 1701-இல் வரைந்த அந்தப் படம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சில்தான் பார்த்திருக்கிறேன். கூஸ்பெரி என்றதும் நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அது வேறு செடி, வேறு குடும்பம். ஆனால் கோர்ட்டேயின் கூஸ்பெரியைப் பார்த்தால் அந்தத் தப்பைச் செய்தவரை மன்னிக்கத் தோன்றும். பச்சைத் தோலுக்குள் வெளிச்சம் புகுந்து, நரம்புக் கோடுகள் உள்ளேயிருந்து எரிகின்றன. அரைநெல்லியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அது தெரியும்.

இதில் இன்னொரு விஷயம், இவற்றில் பலவும் காகிதத்தில் வரைந்தவை. காகிதத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டி, அதைப் பலகையில் ஒட்டியிருக்கிறார். நல்ல ஓக் பலகையோ கான்வாஸோ வாங்கி நேராக வரைவதுதான் மரபு. இவர் காகிதத்தில் முடித்துவிட்டு, தேறியதை மட்டும் பலகையில் ஏற்றியிருக்கலாம். ரஃப் புக்கில் போட்டுப் பார்த்துவிட்டு ஃபேர் நோட்டில் எழுதுகிற மாதிரி. இதுவும் என் ஊகம்தான்.

இவர் காலத்து மற்றவர்கள் என்ன வரைந்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால்தான் இந்த மேடையின் வெறுமை உறைக்கும். யான் டாவிட்ஸ் டெ ஹேம், வில்லெம் கால்ஃப் ஆகியோரின் மேசைகளில் சிவப்பு இறால், பாதி உரித்துத் தோல் சுருண்டு தொங்கும் எலுமிச்சை, வெள்ளித் தட்டு, சங்கில் செய்த கோப்பை, பாரசீகக் கம்பளம். ஆடம்பரம் காட்டும் படம் என்று பொருள்படவே டச்சில் ஒரு பெயர் உண்டு. எனக்கு அவற்றைப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் சீர்வரிசையை அடுக்கிவைத்து, உறவுக்காரர்கள் எட்டிப்பார்த்து விலை போடுவார்களே, அதுதான் ஞாபகம் வரும். திறமை இல்லை என்று சொல்லவில்லை, அந்த எலுமிச்சைத் தோலை வரைய ஒரு பிறவி போதாது. ஆனால் அங்கே நான் விருந்தாளி. கோர்ட்டேயின் மேடையில் வீட்டு ஆள்.

அதற்கு இரண்டு தலைமுறை முன்னால், ஹார்லெம் நகரில் பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹேடா என்று இரண்டு பேர் பழுப்பும் சாம்பலுமாக எளிய காலையுணவு மேசைகளை வரைந்தார்கள். ரொட்டி, மீன், பாதி குடித்த கண்ணாடிக் கோப்பை. கிளாஸின் படத்தில் பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய பொட்டலத்திலிருந்து மிளகு சிந்தியிருக்கும். பொட்டலம் கட்டப் பழைய பஞ்சாங்கம்தான் எந்த ஊரிலும் தோது போலிருக்கிறது. கோர்ட்டேயின் சொந்த ஊரிலேயே, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அம்ப்ரோசியஸ் போஸ்கார்ட் பூக்களை வரைந்து பேர் எடுத்திருந்தார். ஆக 1697-இல் இருட்டுக்கு முன்னால் ஒற்றைப் பொருளை வைத்து வரைவது பழைய பாணி. எல்லோரும் கலர் டிவி வாங்கிய பிறகு ஒருவர் வானொலிப் பெட்டியைத் துடைத்துவைப்பது போல.

மரியாதையும் கிடையாது. ரெம்பிராண்டிடம் படித்த சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராடென் 1678-இல் எழுதிய ஓவிய நூலில், இந்த மாதிரிப் பொருள்களை வரைகிறவர்கள் கலைப்படையில் சாதாரணச் சிப்பாய்கள்தான் என்று சொல்லிவிட்டார். சரித்திரமும் பைபிளும் வரைகிறவர்தான் தளபதி. கோர்ட்டே அந்தப் படையிலும் பேர் பதியாத சிப்பாய்.

தொடக்கத்தில் அவரும் ஊரோடு ஒத்துத்தான் பார்த்திருக்கிறார். 1683-இன் படங்களில் வாத்தும் பறவையுமாக, ஆம்ஸ்டர்டாமில் கொடிகட்டிப் பறந்த ஹொண்டகூட்டரின் சாயல். சில வருடம் கழித்து மாடத்துக்குள் மண்டை ஓடு, மணல் கடிகாரம் என்று 'வாழ்வு மாயம்' வகைப் படங்கள். பிறகு மண்டை ஓட்டை எடுத்துவிட்டார். வாத்தையும் விரட்டிவிட்டார். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, கடைசியில் கல்லும் காயும் பழமும்தான் மிஞ்சின. எனக்கு இந்த மனிதரிடம் பிடித்தது இதுதான். சேர்த்துக்கொண்டே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்கள் எல்லாருமே அந்த ரகம்.

மண்டை ஓடு என்றதும் பழவேற்காடு ஞாபகம் வந்தது. அங்கே இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். கல்லூரியில் படிக்கும்போது பஸ்ஸில் போய்ப் பார்த்து, பேய் வீட்டுக் கதை சொல்லிக்கொண்டு திரும்பினோம். அது பேய் இல்லை, அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்த அதே பாடம்தான் என்று இப்போதுதான் புரிகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள். ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெரிய கிளை ஜீலாந்து, அலுவலகம் மிடல்பர்க்கில். கோர்ட்டே மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1690 வாக்கில், கம்பெனி சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. மிடல்பர்க் துறைமுகத்துக்குள் வந்த கப்பல்களில் துணியும் மிளகும் மட்டுமில்லை, மாலுமிகளின் பெட்டிகளில் இந்தியப் பெருங்கடல் சிப்பிகளும் சோழிகளும் வந்தன. பணக்காரர்கள் அவற்றை வெறிபிடித்துச் சேர்த்தார்கள். கோர்ட்டேயும் சிப்பிகளை வரைந்திருக்கிறார். 1696-இன் ஒன்று பாரிஸ் லூவரில் இருக்கிறது.

சிப்பி என்று வந்துவிட்டதால் ஒரு கிளைக்கதை. ரெம்பிராண்ட் 1650-இல் கூம்புச் சிப்பி ஒன்றைச் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்தார். அச்சில் எல்லாம் இடவலமாக மாறும் என்பதால் தன் கையெழுத்தைக் கவனமாக இடவலம் மாற்றிக் கீறினார். சிப்பியை மட்டும் பார்த்தபடியே கீறிவிட்டார். அச்சில் கையெழுத்து சரியாக வந்தது, சிப்பியின் சுழி எதிர்த்திசையில் திரும்பிவிட்டது. அதாவது, நம் கணக்கில் அது வலம்புரி. லட்சத்தில் ஒன்று என்று நாம் பூஜையறையில் வைக்கிறதை அவர் கவனக்குறைவால் பிரதி பிரதியாக அச்சடித்திருக்கிறார்.

சரி, அஸ்பாரகஸுக்கு வருகிறேன். ஹேக்கிலிருந்து திரும்புகிற வழியில், ஆம்ஸ்டெல்வீன் சந்தையில் அதே வெள்ளைத் தண்டுக் கட்டு இருந்தது. வெயிலே படாமல் மண்ணைக் குவித்து மூடி வளர்ப்பதால் வெள்ளை. ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள், அடுத்த வருடத்துக்குச் செடி தெம்பு சேர்க்க. நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் இந்த இனம்தான், நாம் வேரைத் தின்கிறோம், அவர்கள் குருத்தை. பெருமையாக ஒரு கட்டு வாங்கிப்போய் நானே உப்புப் போட்டு வேகவைத்தேன். தோல் சீவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முற்றின முருங்கைக்காயை முழுசாக முழுங்கப் பார்த்த கதையாகிவிட்டது. ஆளுக்கு ஒரு கைப்பிடி நார் தட்டின் ஓரத்தில். "அண்ணா, படம் பாக்கறதோட நிறுத்திக்கலாமே" என்றான் சித்தி மகன். அவன் மனைவி மட்டும் மறுநாள் சீவி, வெண்ணெயில் புரட்டி, வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் தெரிந்தது, தண்டுக்கு ஒரு லேசான கசப்பு இருக்கிறது, நாக்கின் பின்பக்கம் வந்து போகும்.

அன்றிரவு அவன்தான் மானேயின் கதையையும் சொன்னான். கோர்ட்டேக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து, 1880-இல், பாரிஸில் எடுவார் மானே இதே மாதிரி ஓர் அஸ்பாரகஸ் கட்டு வரைந்தார். சார்ல் எஃப்ரூசி என்ற கலைச் சேகரிப்பாளர் வாங்கினார். பேசிய விலை 800 ஃபிராங்க். அவர் அனுப்பியது 1,000. மானே சும்மா இருந்தாரா? ஒற்றைத் தண்டை மட்டும் தனியாக ஒரு சின்னப் படம் வரைந்து, உங்கள் கட்டில் ஒன்று குறைந்தது என்று குறிப்போடு அனுப்பிவைத்தார். கட்டு இப்போது ஜெர்மனியின் கொலோனில், ஒற்றைத் தண்டு பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில். கணக்குத் தீர்த்தவிதத்தில் இதைவிட அழகான வவுச்சரை நான் பார்த்ததில்லை.

இந்த மரபு இன்னும் போகவில்லை. 1945-இல் பிறந்த ஹெங்க் ஹெல்மான்டெல், வடக்கே வெஸ்டெரெம்டன் என்ற கிராமத்தில், பழைய பாதிரியார் இல்லம் ஒன்றை மறுபடி எழுப்பி அங்கே குடியிருந்துகொண்டு, முட்டை, கண்ணாடிக் கிண்ணம், பேரிக்காய் என்று வரைந்துவந்தவர். அவர் படித்த நாளில் அரூப ஓவியம்தான் நாகரிகம். அவர் பாட்டுக்குப் பேரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த முறை போனால் அந்த ஊருக்குப் போக வேண்டும்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. எங்கள் வீட்டுச் சமையலறை மேடை கடப்பைக்கல். ஓரத்தில் அம்மிக்குழவி விழுந்து ஒரு பிசிறு. ஜன்னல் இடது பக்கம். மனைவி வாங்கிவந்த முருங்கைக்காய்க் கட்டை மேடையில் வைத்துவிட்டுப் பால்காரரிடம் பேசப் போயிருந்தாள். வெயில் சாய்வாக வந்து காயின் முகட்டு வரிகளில் மட்டும் பட்டது. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டின் வாழைநார் முடிச்சின் நிழல் நகர்வது தெரிந்தது. கொஞ்சம் அவசரப்பட்டால் தெரியாது.

"என்னங்க பண்றீங்க?"

"பாக்கறேன்."

"முருங்கைக்காயவா?" ஒரு நொடி அவளும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. சாம்பாருக்கு நாலு எடுத்துக்கட்டுமா, இல்ல அதையும் பாக்கணுமா?"

ரெய்க்ஸ்மியூசியம் கடையில் வாங்கிய கோர்ட்டே அட்டை இப்போது என் அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சோறு தின்று கண் சொக்குகிற மூன்று மணிக்கு, நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பெண் கோப்பைக் கொண்டுவந்தவள், கையெழுத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் குனிந்து பார்த்தாள். பென்சில் நுனியைக் கண்ணாடிமேல் வைத்து மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நகர்த்தினாள். நல்ல பிள்ளை, சொல்லாமலே குறுக்குச் சரிபார்ப்பு.

"சார், நுனியை எண்ணினா ஒரு கணக்கு, வெட்டின அடியை எண்ணினா ஒரு கணக்கு. ஒண்ணு இடிக்குது."

"தெரியும்மா."

"சஸ்பென்ஸ்ல போட்டுடலாமா சார்?"